ரோஜர்ஸ் கணவாயும் ஒரு ஒப்புதல் படிவமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். ஆசிரியர்களும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த மாணவி ஒருத்தி இப்போது கனடாவில் கால்கரி நகரத்தில் இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் இரவு போன் செய்தாள். "டீச்சர், மகள் பத்தாவது படிக்கிறாள். பள்ளியில் பனிக்காலத்தில் மலைக்கு அழைத்துப் போகிறார்களாம். ஒப்புதல் படிவம் வந்திருக்கிறது. பனிச்சரிவு ஆபத்து உண்டு என்று அதில் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஏம்மா, நான் மார்கழிப் பனியைத் தவிர வேறு பனியைப் பார்த்ததே இல்லையே, என்னிடம் போய்க் கேட்கிறாயே" என்றேன். அவள் விடவில்லை. "நீங்கள்தானே டீச்சர் எங்களை எல்லாம் சுற்றுலா அழைத்துப் போனீர்கள். ஒரு டீச்சராகச் சொல்லுங்கள்" என்றாள்.

உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பதினைந்து நாள் டைம் கேட்டேன். அந்தப் பதினைந்து நாளில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பனிச்சரிவு என்ற சொல் நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த ராணுவ முகாம் பனிச்சரிவில் புதைந்தது நினைவிருக்கும். அது மெட்ராஸ் ரெஜிமெண்ட் 19வது படைப்பிரிவின் முகாம். அதில் பத்துப் பேர் இறந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் எங்கள் தேனி மாவட்டம். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் டீக்கடையில்கூட இதே பேச்சுத்தான்.

ஆனால் சியாச்சின் போர்முனை. அங்கே நிற்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்த வீரர்கள் கையில் இல்லை. என் மாணவி கேட்டது வேறு கேள்வி. போகலாம், போகாமலும் இருக்கலாம் என்ற நிலையில், அடுத்தவர் பிள்ளையை அழைத்துக்கொண்டு பனிமலைக்குள் போகும் ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்கு விடை தேடிப் போனபோது ஒரே ஒரு கணவாயின் வரலாறு எனக்குக் கிடைத்தது. அதன் பெயர் ரோஜர்ஸ் கணவாய்.

கனடாவின் மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், செல்கிர்க் என்ற மலைத்தொடர் இருக்கிறது. பசிபிக் கடலில் இருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவக்காற்று மோதி மழை கொட்டுவது போலத்தான். கணவாயின் உயரம் ஏறத்தாழ 1,330 மீட்டர், நம் கொடைக்கானலைவிடக் குறைவு. ஆனால் ஒரு குளிர்காலத்தில் அங்கே விழும் பனி சராசரியாகப் பத்து மீட்டர் அளவுக்கு இருக்கும். மூன்று மாடி உயரம்!

1880களில் கனடியன் பசிபிக் ரயில்வே கம்பெனி கடலுக்குக் கடல் இருப்புப்பாதை போட்டது. செல்கிர்க் மலையைத் தாண்ட வழி தெரியவில்லை. வழி கண்டுபிடித்தால் 5,000 டாலரும், கணவாய்க்கு உன் பெயரும் என்று மேஜர் ரோஜர்ஸ் என்ற நில அளவையாளருக்குக் கம்பெனி வாக்குக் கொடுத்தது. அவரும் கண்டுபிடித்தார். 1885 நவம்பர் 7 அன்று கடைசி ஆணி அடிக்கப்பட்டது.

அளந்தவர்கள் தரையை அளந்தார்கள். ஏற்றம் எவ்வளவு, வளைவு எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். குளிர்காலத்தில் மலைச்சரிவில் இருந்து என்ன இறங்கி வரும் என்பது அந்தக் கணக்கில் முழுதாக வரவில்லை. முதல் குளிர்காலத்தில் ரயிலை நிறுத்தி வைத்து, எங்கெங்கே சரிவு வருகிறது என்று ஆட்களை வைத்துக் குறிப்பெடுத்தார்கள். பிறகு பாதைக்கு மேலே மரத்தால் கூரைகள் கட்டினார்கள். மொத்தம் 31 கூரைகள், ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பனி கூரை மேல் ஓடிப் போய்விடும், ரயில் உள்ளே பத்திரமாகப் போகும் என்பது ஏற்பாடு.

அதுவும் போதவில்லை. 1899ல் கணவாயில் இருந்த ரயில் நிலையத்தையே பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனது. பிறகு 1910 வந்தது.

அந்த ஆண்டு மார்ச் முதல் வாரம் அந்தப் பகுதி முழுக்கக் கடும் பனிப்புயல். மார்ச் 1 அன்று எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வெலிங்டன் என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்த ரயில்களைப் பனிச்சரிவு பள்ளத்தாக்கில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து, மார்ச் 4 மாலை, ரோஜர்ஸ் கணவாயில் சியாப்ஸ் என்ற மலையில் இருந்து சரிவு வந்து பாதையை மூடியது. பனியை வாரி எறியும் எஞ்சினோடு ஒரு தொழிலாளர் குழு வந்து வேலையை ஆரம்பித்தது. எஞ்சின் நடுவில் வெட்டிக்கொண்டே போகும், பின்னால் ஆட்கள் மண்வெட்டியால் ஒதுக்குவார்கள். இரண்டு பக்கமும் பனிச்சுவர், நடுவில் ஆட்கள்.

நள்ளிரவுக்குச் சற்று முன்னால், எதிர்ப்பக்கத்து மலையில் இருந்து இன்னொரு சரிவு வந்தது. அந்த எதிர்ப்பக்கத்து மலைக்குப் பெயரே பனிச்சரிவு மலைதான். அங்கிருந்து அந்த இடத்துக்குச் சரிவு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 91 டன் எஞ்சினைப் பதினைந்து மீட்டர் தூரம் தூக்கி எறிந்தது. 58 பேர் இறந்தார்கள். சரிவில் சிக்கியவர்களில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஒருவர் மட்டும் காயத்தோடு பிழைத்தார். இறந்தவர்களில் 32 பேர் ஜப்பானில் இருந்து பிழைப்புக்காக வந்த கூலித் தொழிலாளர்கள். பக்கத்து ஊரான ரெவல்ஸ்டோக்கில் இருந்து நூற்றுக்கணக்கானவர்கள் ஓடி வந்து தோண்டினார்கள். வைத்தியம் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒரு பக்கம் சரிந்து முடிந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்த இடத்தில் மறுபக்கம் சரிந்தது. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பாதை போட்டதில் இருந்து அதுவரை அந்தக் கணவாயில் பனிச்சரிவில் இறந்தவர்கள் 200 பேருக்கு மேல். கடைசியில் கம்பெனி தோல்வியை ஒப்புக்கொண்டது. 1913ல் ஆரம்பித்து 1916ல் மலைக்கு அடியில் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதை வெட்டி, ரயிலை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பெயர் கன்னாட் சுரங்கப்பாதை. மேலே கணவாய் ஆளரவம் இல்லாமல் கிடந்தது.

நாற்பது வருடம் கழித்து மனிதன் திரும்பவும் அங்கே போனான், இந்த முறை சாலை போட. ஆனால் 1885ல் செய்த தவறைச் செய்யவில்லை. சாலை போடும் முன்பே பல ஆண்டுகள் பனியைக் கவனித்தார்கள். 1957ல் சுவிட்சர்லாந்தில் இருந்து பீட்டர் ஷேரர் என்ற பொறியாளரை அழைத்து வந்தார்கள். சுவிட்சர்லாந்தில் டாவோஸ் நகரத்தில் பனியை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. எங்கே கூரை கட்டுவது, எங்கே மேடு போட்டுச் சரிவைத் திசை திருப்புவது என்று கணக்குப் பார்த்துச் சாலை போட்டார்கள். 1962ல் சாலை திறக்கப்பட்டது.

இன்றைக்கும் அந்தச் சாலையில் 130க்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்கள் வந்து இறங்குகின்றன. அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? கனடா ராணுவத்தின் பீரங்கிப் படை ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே வந்து தங்குகிறது. மேலே பனி அளவுக்கு மீறிச் சேர்ந்தால், சாலையை மூடிவிட்டு மலையைக் குறி வைத்துச் சுடுவார்கள். அதிர்ச்சியில் பனி சரிந்துவிடும். பிறகு சாலையைத் துப்புரவு செய்து திறப்பார்கள். அதாவது சரிவு எப்போது வரும் என்று காத்திருக்காமல், ஆள் இல்லாத நேரத்தில் வரவழைத்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, பனி ஏன் சரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பாடம் எடுத்துப் பழகிய வாய், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மலை மேல் கிடக்கும் பனி ஒரே குவியல் இல்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு அடுக்கு. சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சில அடுக்குகள் கெட்டி, சில அடுக்குகள் பொலபொல. குளிர்காலத் தொடக்கத்தில் பனி கொஞ்சமாக விழுந்து, பிறகு கடும் குளிர் அடித்தால் ஒரு வேலை நடக்கும். அடியில் தரை ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் இருபதில் இருக்கும். இடையில் நீராவி கீழிருந்து மேலே நகரும். அப்போது பனித்துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டுவதை விட்டுவிட்டு, சர்க்கரை போல உதிரி உதிரியான மணிகளாக மாறிவிடும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிடும்.

அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்றும் அடித்துக் குவித்து, கெட்டியான பலகை போல உட்காரும். இப்போது கற்பனை செய்து பாருங்கள். சாய்வான சிமெண்ட் தளம், அதன் மேல் ரவை, ரவை மேல் ஒரு பலகை. எங்கேயாவது ஒரு இடத்தில் ரவை நொறுங்கினால் போதும், பலகை முழுவதும் விரிசல் விட்டுக் கிளம்பிவிடும். மனிதர்களைக் கொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட பலகைச் சரிவுதான். முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி வரை சாய்வுள்ள இடங்களில்தான் இது அதிகம்.

இதில் இரண்டு விஷயம் என்னை யோசிக்க வைத்தன.

ஒன்று, அந்தப் பலவீன அடுக்கு மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நவம்பரில் உருவானது பிப்ரவரியிலும் உள்ளே அப்படியே இருக்கும். மேலே வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும், பனி தும்பைப்பூ மாதிரி இருக்கும். நம் ஊர் மழை மாதிரி இடி இடித்து எச்சரிக்காது. தெரிந்தவர்கள் குழி தோண்டி அடுக்குகளைப் பார்ப்பார்கள். ஒரு பனித்தூணைத் தனியாக வெட்டி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டால் பத்துத் தட்டு, முழங்கையால் பத்துத் தட்டு, தோளில் இருந்து பத்துத் தட்டு என்று தட்டுவார்கள். எத்தனையாவது தட்டில் தூண் உடைகிறது, எப்படி உடைகிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஆனால் இந்த இடத்தில் உடையாத அடுக்கு ஐம்பது மீட்டர் தள்ளி உடையலாம். காலடியில் பனி 'வும்' என்று சத்தம் போட்டு அமுங்கினாலோ, விரிசல் ஓடினாலோ, பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி இறங்கியிருந்தாலோ, அதுவே போதுமான எச்சரிக்கை. திரும்பிவிட வேண்டும்.

இரண்டாவது, சரிவில் சிக்கி இறப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தாங்களோ, தங்கள் குழுவில் ஒருவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிடம் ஆனால் பத்தில் மூன்று பேர்தான். வெளியில் இருந்து உதவி வந்து காப்பாற்றுவது என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். அதனால்தான் பனிமலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் சிக்னல் அனுப்பும் ஒரு சிறிய கருவியை உடம்பில் கட்டியிருப்பார்கள். கூடவே மண்வெட்டியும், குத்திப் பார்க்கும் நீளக் கம்பியும் வைத்திருப்பார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் செல்கிர்க் மலையில் பனி சரியில்லை. நவம்பரில் உருவான ஒரு பலவீன அடுக்கு உள்ளே புதைந்து கிடந்தது. ஜனவரி 20 அன்று அதே மலைத்தொடரில் வேறொரு இடத்தில், வழிகாட்டிகளோடு போன குழுவில் ஏழு பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். அதில் ஒருவர் கிரெய்க் கெல்லி, ஸ்னோபோர்டு விளையாட்டில் உலக சாம்பியனாக இருந்தவர். அத்தனை அனுபவம் உள்ளவரையும் பனி விடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, கால்கரிக்கு அருகில் உள்ள ஸ்ட்ராத்கோனா-ட்வீட்ஸ்மியூர் என்ற பள்ளியில் இருந்து பத்தாம் வகுப்பு மாணவர்கள் 14 பேரும் பெரியவர்கள் 3 பேரும் ரோஜர்ஸ் கணவாய்க்கு வந்தார்கள். வெளிக்கல்வி அந்தப் பள்ளியின் பாடத்திட்டத்திலேயே உண்டு. பனிச்சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு கன்னாட் ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக நடந்தார்கள். அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்திருந்தார்கள். எல்லாரிடமும் கருவி இருந்தது, மண்வெட்டி இருந்தது. இடைவெளி விட்டு நடந்தார்கள். விவரம் இல்லாமல் போனவர்கள் இல்லை.

மதியத்துக்குச் சற்று முன்னால், மேலே சியாப்ஸ் மலையின் வடக்கு முகத்தில் இருந்து பனி தானாகவே சரிந்தது. 1910ல் முதல் சரிவு வந்ததே, அதே சியாப்ஸ் மலை. மாணவர்கள் யாரும் அந்தச் சரிவில் கால் வைக்கவில்லை. அவர்கள் கீழே பள்ளத்தாக்கில் இருந்தார்கள். எதிர்ச்சரிவில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் அதைப் பார்த்துக் கத்தினார்கள். சில வினாடிகளில் 17 பேரையும் பனி அடித்தது. அந்த இரண்டு பேரும் ஓடி வந்து முதலில் தோண்ட ஆரம்பித்தார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள். ஏழு மாணவர்கள் இறந்தார்கள். எல்லாரும் பதினைந்து, பதினாறு வயது.

அன்றைக்கு அறிக்கையில் இருந்த அபாய அளவு என்ன? மலையின் மேற்பகுதியிலும் மரங்கள் முடியும் உயரத்திலும் 'கணிசமானது'. அதற்குக் கீழே காட்டுப் பகுதியில் 'மிதமானது'.

அந்த அளவுகோலில் ஐந்து படி உண்டு. குறைவு, மிதம், கணிசம், அதிகம், உச்சம். 'கணிசம்' என்பது மூன்றாவது. இங்கேதான் ஒரு டீச்சராக எனக்குப் பொறி தட்டியது. ஐந்துக்கு மூன்று என்றால் நம் மனசு என்ன சொல்லும்? நடுத்தரம், பாஸ் மார்க், பரவாயில்லை. ஆனால் மூன்றாம் படிக்கு அப்போது இருந்த விளக்கம் என்ன தெரியுமா? சரிவு தானாகவே வரலாம், மனிதன் கால் வைத்தால் வர வாய்ப்பு அதிகம். இதுவா பரவாயில்லை? நான்காம் ஐந்தாம் படியில் எல்லாரும் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றாம் படியில்தான் கிளம்பிப் போகிறார்கள். உயிரிழப்பில் பெரும் பங்கு இந்த மூன்றாம் படியில்தான் நடக்கிறது என்பதைப் பல நாட்டுக் கணக்குகளும் காட்டுகின்றன.

இன்னொன்றும் கவனியுங்கள். நீங்கள் நிற்கும் இடம் 'மிதம்' என்று இருக்கலாம். உங்கள் தலைக்கு மேலே இருக்கும் சரிவு 'கணிசம்'. மேலே கிளம்பியது மேலேயே நின்றுவிடாது.

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு அருவிக்கு அழைத்துப் போனேன். மேலே மலையில் மேகம் கறுத்திருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் மாதக்கணக்கில் காசு சேர்த்து வந்திருந்தார்கள். சிலர் முதல் முறையாக அருவியைப் பார்க்கிறார்கள். 'பத்து நிமிஷம் டீச்சர்' என்று கெஞ்சினார்கள். இங்கே வெயில்தானே அடிக்கிறது என்று விட்டுவிட்டேன். வனத்துறை வாட்சர் ஒருவர் மேலே பாறையில் இருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார். எல்லாரையும் இழுத்துக் கரையேற்றினோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் எல்லாப் பிள்ளைகளும் பாட்டுப் பாடினார்கள். நான் மட்டும் திரும்பத் திரும்பத் தலையை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சுற்றுலாவுக்கும் ஒப்புதல் படிவம் வாங்கியிருந்தோம். 'ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் பள்ளி பொறுப்பல்ல என உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வரி. கீழே அப்பா கையெழுத்து, அல்லது கைநாட்டு. அருவியில் திடீர் வெள்ளம் வரும் என்று அந்தப் படிவத்தில் எங்கேயும் இல்லை. எந்த அசம்பாவிதத்துக்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமலே அத்தனை பெற்றோரும் சம்மதித்திருந்தார்கள்.

கனடாவிலும் 2003க்குப் பிறகு இந்தக் கேள்விதான் பெரிதாக எழுந்தது. பெற்றோருக்கு என்ன சொல்லப்பட்டது, அவர்கள் எதைப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் கனடாவில் பனிச்சரிவில் இறந்தவர்கள் 29 பேர். அரசாங்கம் ஆய்வு நடத்தியது. ஆய்வு முடிந்து அலமாரியில் போகவில்லை. மூன்று காரியம் நடந்தது.

முதலாவது, 2004ல் தேசிய அளவில் ஒரு பனிச்சரிவு மையம் உருவானது. பொதுமக்களுக்கான அறிக்கையும் பயிற்சியும் அதன் வேலை. அதன் தலைமையகம் ரெவல்ஸ்டோக். 1910ல் தோண்டுவதற்கு ஆள் ஓடி வந்த அதே ஊர்.

இரண்டாவது, தேசியப் பூங்காத் துறையில் கிராண்ட் ஸ்டாதம் என்பவர் தலைமையில் நிலத்தைத் தரம் பிரித்தார்கள். பனியை இல்லை, நிலத்தை. இந்தப் பாதை எளிது, இது சவாலானது, இது சிக்கலானது என்று மூன்று வகை. தலைக்கு மேலே எத்தனை சரிவு இருக்கிறது, தப்பி ஒதுங்க இடம் உண்டா, விழுந்தால் பள்ளமா மரமா என்று பார்த்துப் பிரித்தார்கள். இந்த வகை பனியோடு தினமும் மாறாது.

மூன்றாவது, பெற்றோர் உடன் இல்லாமல் சிறுவர்களை அழைத்து வரும் பள்ளி, சாரணர் போன்ற குழுக்களுக்குத் தனி விதி. தேசியப் பூங்காவில் குளிர்காலத்தில் எளிய நிலத்தில் தாங்களே போகலாம். சவாலான நிலத்துக்குச் சான்றிதழ் பெற்ற வழிகாட்டி கட்டாயம். சிக்கலான நிலத்துக்கு அனுமதியே கிடையாது.

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். 1885ல் இருந்து அந்தக் கணவாயில் மனிதன் கற்றுக்கொண்டது என்ன? பனி எப்போது சரியும் என்று நேரம் குறிக்க அவனால் இன்றுவரை முடியவில்லை. ரயிலை மலைக்கு அடியில் கொண்டுபோனார்கள். சாலையில் ஆள் இல்லாதபோது சுட்டு இறக்கினார்கள். பிள்ளைகளை எளிய நிலத்தோடு நிறுத்தினார்கள். மூன்றிலும் செய்தது ஒன்றுதான். சரியும் நேரத்தில் அந்த இடத்தில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். பனியை நாம் கட்டுப்படுத்த முடியாது. எங்கே நிற்கிறோம் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

பெரியவர்கள் தெரிந்தே ஆபத்தான மலைக்குப் போகிறார்கள் என்றால் அது அவர்கள் விருப்பம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. டீச்சர் எங்கே நடக்கிறாரோ அதன் பின்னால் வரிசையாக நடக்கும். அந்த வரிசையை நடத்திப் போகிறவர் தனக்கு வைத்துக்கொள்ளும் எல்லையைவிடப் பல அடி முன்னாலேயே நின்றுவிட வேண்டும்.

பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான்கு சுவருக்குள் கற்காததை ஒரு நாள் மலையில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கனடா பள்ளியும் வெளிக்கல்வியை மொத்தமாகக் கைவிடவில்லை.

பதினைந்து நாள் கழித்து என் மாணவிக்குப் போன் செய்தேன். "கையெழுத்துப் போடுவதற்கு முன் பள்ளிக்கு ஐந்து கேள்வி எழுதி அனுப்பு" என்றேன்.

1. போகும் பாதை எந்த வகை நிலம்? எளியதா, சவாலானதா?
2. பாதைக்கு மேலே, தலைக்கு மேலே என்ன இருக்கிறது?
3. அன்று காலை அபாய அளவு எத்தனை என்றால் பயணத்தை ரத்து செய்வீர்கள்? அதை இப்போதே எழுதித் தர முடியுமா?
4. கூட வரும் வழிகாட்டியின் தகுதி என்ன? கருவியைப் பயன்படுத்தப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பயிற்சி உண்டா?
5. "எனக்குப் பயமாக இருக்கிறது, திரும்பலாம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்று சொன்னேன். மலை அடிவாரத்தில் போய் நின்றுகொண்டு தீர்மானித்தால், பஸ் வாடகை, பிள்ளைகளின் ஆசை, 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். எனக்கு அருவியில் நடந்தது அதுதான். வீட்டில் உட்கார்ந்து, வெயிலும் ஆசையும் இல்லாத இடத்தில், எல்லையை எழுதி வைத்துவிட வேண்டும்.

நான்கு நாளில் அவளுக்குப் பள்ளியில் இருந்து இரண்டு பக்கப் பதில் வந்தது. எளிய நிலம்தான், தலைக்கு மேல் சரிவுத் தடம் எதுவும் இல்லாத காட்டுப் பாதை, அபாய அளவு மூன்று என்றால் வேறு நாளுக்கு மாற்றுவோம் என்று எழுதியிருந்தார்கள். ஐந்தாவது கேள்விக்கு, "முழுக் குழுவும் திரும்பும்" என்று ஒரே வரி. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பிள்ளை போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. கன்னம் எல்லாம் சிவந்துபோய், பனிக்குழிக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்கும் போட்டோ அனுப்பியிருந்தாள்.

என்னோடு பணி செய்து இன்னும் பள்ளியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊரில் பனிச்சரிவு இல்லை. அருவி இருக்கிறது, கடல் இருக்கிறது, 2018ல் குரங்கணியில் பார்த்தோமே, அந்தக் காட்டுத் தீயும் இருக்கிறது. அடுத்த சுற்றுலாவுக்குப் படிவம் அடிக்கும்போது 'பள்ளி பொறுப்பல்ல' என்ற வரியை எடுத்துவிட்டு, போகும் இடத்தில் என்ன ஆபத்து உண்டு, எந்த நிலைமை வந்தால் திரும்பிவிடுவோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். கைநாட்டு வைக்கும் அப்பாவுக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

பனிமலை நாடுகளில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.